அறுபது வயசு ஆகாத கட்டடங்களும் ஒரு மரவீடும்

திருக்கடையூர்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அறுபதாம் கல்யாணம். மார்க்கண்டேயனுக்காக எமனையே எட்டி உதைச்ச காலசம்ஹாரமூர்த்தி இருக்கிற ஊர். ஆயுசு கூடணும்னு 60க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்கு சதாபிஷேகம்னு எங்கெங்கேயோ இருந்து ஜனங்க குடும்பத்தோட வந்து இறங்கறாங்க. வர்றவங்க தங்க லாட்ஜ், சாப்பிட ஹோட்டல், விசேஷம் பண்ண மண்டபம், பூ, மாலை, கலசச் சொம்பு விக்கக் கடைன்னு கோயிலைச் சுத்தி முழுக்க வியாபாரம்தான். நல்லதுதான், ஊருக்குச் சோறு போடுது.

ஆனா அந்தக் கட்டடங்களுக்கு ஆயுசு எவ்வளவுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? இருபத்தஞ்சு வருஷம் ஆன லாட்ஜுக்குள்ள போய் மேல பாருங்க. சிலாப் பூச்சு பேந்து, கம்பி துருப்பிடிச்சு பல்லைக் காட்டும். கடல் இங்கேர்ந்து கிட்டக்கத்தான், உப்புக்காத்து தன் வேலையைப் பார்க்கும். ஊருக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் பண்ணி வைக்கிற தெருவுல, தனக்கு அறுபது வயசு பார்த்த கட்டடம் எதுன்னு தேடினா, மிச்சம் மீதி நிக்கிற ஓட்டு வீடுங்கதான். அதைத்தான் வரிசையா இடிச்சுக்கிட்டு இருக்கோம்.

'ஐயோ, பழமை போச்சே'ன்னு ஒப்பாரி வைக்கற பதிவு இல்ல இது. அந்த மாதிரி நிறைய படிச்சாச்சு. நான் சொல்ல வர்றது வேற. நெருக்கமான கடைத்தெருவுல, ஒடுக்கமான மனையில, கீழே கடையும் மேலே மரத்துல ஒரு சின்ன வீடும் கட்டறது இன்னைக்குத் தேதியில புத்திசாலித்தனமான காரியம். அதைக் கேட்டுச் சிரிக்கிறவங்க கணக்குப் போடாமச் சிரிக்கறாங்க. அவ்வளவுதான் மேட்டர். இனி சண்டை.

முதல்ல என் தகுதி என்னன்னு கேப்பீங்க. படிச்சது பி.இ. சிவில், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. (நம்ம நாட்டுல பாதி சிவில் இன்ஜினியர் கதை இதுதானே!) நாலு வருஷப் படிப்புல கான்க்ரீட்டுக்கு மூணு பேப்பர், ஸ்டீலுக்கு ஒண்ணு, மரத்துக்கு 'கட்டுமானப் பொருட்கள்' பாடத்துல ஒரு சின்ன யூனிட். அதையும் வாத்தியார் 'இது பரீட்சைக்கு வராது'ன்னு தாண்டிட்டுப் போனார். இந்த நாட்டுல மரத்துல கட்டடம் கட்டறதுக்கு ஐ.எஸ். 883ன்னு தனியா ஒரு விதிநூல் இருக்குங்கறதே படிப்பு முடிஞ்சு பல வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.

இப்ப சண்டை எங்கே ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். கோயிலுக்குப் பக்கத்துல தாத்தா வீடு ஒண்ணு இருக்கு. அகலம் 16 அடி, நீளம் 70 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாம் கட்டு, கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும். ஒரு பக்கம் நாலு மாடி லாட்ஜ், இன்னொரு பக்கம் பாத்திரக்கடை. 1991 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம் மாவட்டம், 2020லேர்ந்து மயிலாடுதுறை மாவட்டம்னு வீடு நகராமலே மூணு மாவட்டம் பார்த்துடுச்சு. முன்பக்கக் கூரை இறங்கிடுச்சு, ஏதாவது செஞ்சே ஆகணும். சித்தப்பா கட்சி: 'தரைமட்டமா இடிச்சு, எட்டு ரூம் ஏசி போட்டு வாடகைக்கு விடுவோம்.' அப்பா அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகறார். அவருக்கு அங்கேயே போய் இருக்கணும். லாட்ஜ் கட்டினா அவர் இருக்க முடியாது. மாயவரத்துல ஒரு ஃப்ளாட் பார்த்துக்கலாம்னு பேச்சு ஓடுது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊரான் வீட்டுப் பெரியவங்க வந்து ஆயுள் விருத்தி பண்ணிக்கிறதுக்காக, அந்த ஊர்ப் பெரியவரை ஊரை விட்டு அனுப்பறோம்! இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. கோயில் இருக்கிற எந்த ஊர்லயும் சன்னதித் தெருவுல ராத்திரி பத்து மணிக்கு நடந்து பாருங்க. ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும், லாட்ஜ் வாசல்ல வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார், குடி இருக்கிற வீடுன்னு விளக்கு எரியறது எண்ணி நாலு இருக்கும்.

அப்பாவுக்காக நான் போட்ட திட்டம் இதுதான்.

ரெண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். கழிச்சா உள் அகலம் பதினாலரை அடி. தெருப்பக்கம் 16 அடி ஆழத்துக்குக் கடை, அதை வாடகைக்கு விட்டுடலாம். கடைக்குப் பக்கவாட்டுலயே மூணரை அடிக்கு ரேழி. கடைக்குப் பின்னால 10 அடியில ஒரு அறை, முட்டி வலி வந்து மாடி ஏற முடியாத காலத்துக்கு. அதுக்கப்புறம் 10 அடி முற்றம். முற்றத்துக்கு அந்தாண்ட 12 அடியில சமையல்கட்டும் பாத்ரூமும், முழுக்கச் செங்கல், மேலே ஓடு. தண்ணியும் நெருப்பும் புழங்கற இடத்துல மரம் வேண்டாம். மிச்சம் 22 அடி கொல்லை, கிணறும் தென்னையும் இப்ப இருக்கிற மாதிரியே.

மரவீடு வர்றது மாடியில. கடைக்கும் பின் அறைக்கும் மேலே 26 அடி நீளம். தெருப்பக்கம் 5 அடிக்கு மாடித் திண்ணை (சாமி புறப்பாடு பார்க்க அம்மாவுக்கு ரிசர்வ்டு), அப்புறம் 11 அடிக் கூடம், 10 அடிப் படுக்கை அறை. மொத்தம் 377 சதுர அடி. 'இதுல மனுஷன் இருக்க முடியுமா'ன்னு கேக்கறவங்களுக்கு: 2024ல தமிழக அரசு கொண்டு வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வீடுன்னா 360 சதுர அடி. நம்ம மாடி மட்டுமே அதைவிட 17 அடி ஜாஸ்தி.

தளத்துக்குச் சுவருக்குச் சுவர் 3 அங்குலத்துக்கு 8 அங்குலக் கட்டை, 16 அங்குலத்துக்கு ஒண்ணு. மொத்தம் 20 கட்டை, ஒவ்வொண்ணும் பதினஞ்சரை அடி நீளம், கூட்டிப் பார்த்தா ஏறக்குறைய 52 கன அடி மரம். மேல பலகை. வீட்டுக்கான பாரத்தைப் போட்டு நானே கணக்குப் பார்த்தேன். தேக்குல வளைவு 10 மில்லிமீட்டர் வருது, 12 வரைக்கும் போகலாம். முன்னப்பின்ன இருந்தா யாராவது கட்டமைப்பு தெரிஞ்சவங்க சரி பாருங்க, சந்தோஷமா கேட்டுக்கறேன்.

இதைக் காட்டினதும் நம்ம சனங்க என்ன சொன்னாங்க? ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

"மரம் தாங்குமா?"

இதை டெல்டாக்காரன் கேக்கறதுதான் உச்சகட்டக் காமெடி. திருவாரூர் ஆழித்தேர் மரம்தானே ஐயா! அலங்காரத்தோட 96 அடி உயரம், எடை 300 டன் பக்கம்னு சொல்றாங்க. அதை இழுத்து, நாலு வீதியும் சுத்தி, திருப்பத்துல முட்டுக்கட்டை போட்டுத் திருப்பற ஊர்க்காரன், தன் கட்டில் போட 3க்கு 8 கட்டை தாங்குமான்னு கேக்கறான்.

இன்னொண்ணு எடை. அஞ்சு அங்குல கான்க்ரீட் சிலாப் சதுர அடிக்கு 29 கிலோ கிட்ட வரும். நான் சொல்ற மரத்தளம் 5, 6 கிலோ. நம்ம டெல்டா மண்ணு களிமண். மழையில உப்பும், கோடையில வெடிக்கும். அந்த மண்ணு மேல எடை குறையக் குறைய அஸ்திவாரமும் சின்னதாகும். ரெண்டு பக்கமும் அடுத்தவன் சுவரை ஒட்டிக் கட்டற இடத்துல ஆழமா பள்ளம் தோண்டினா யாருக்கு முதல்ல விரிசல் விழும்? பாத்திரக்கடைக்காரருக்கு. அவர் சும்மா இருப்பாரா?

"கடைத்தெருவுல மரமா? தீப்பிடிச்சா?"

இது நியாயமான கேள்வி. சிரிச்சுட்டுப் போக மாட்டேன். கும்பகோணத்துல 2004 ஜூலை 16ஆம் தேதி 94 குழந்தைங்க போனது நமக்கு மறக்காது. ஆனா அன்னைக்குப் பத்திக்கிட்டது கீற்றுக் கூரை. குழந்தைங்க இறங்கித் தப்பிக்கச் சரியான வழி இல்ல, இருந்தது ஒரு குறுகல் படிக்கட்டு. கீற்றும் 3 அங்குலக் கட்டையும் ஒண்ணா? அடுப்புல ஒரு கைப்பிடி வைக்கோலையும் ஒரு வேப்பங்கட்டையையும் போட்டுப் பாருங்க, எது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தெரியும்.

கனமான மரம் எரியும்போது மேல்பக்கம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை ஆயிடும். அதனால எவ்வளவு நேரத்துல எவ்வளவு கரியும்னு கணக்குப் போட முடியும். யூரோகோட் 5ங்கற ஐரோப்பிய விதிநூல் அடர்த்தியான மரத்துக்கு நிமிஷத்துக்கு 0.55 மி.மீ.ன்னு சொல்லுது. அரை மணி நேரம் எரிஞ்சா ஒரு பக்கத்துக்கு 16, 17 மி.மீ. போகும். 75 மி.மீ. கட்டையில ரெண்டு பக்கமும் அடியும் போனாலும் நடுவுல 42 மி.மீ. மிச்சம், அது தளத்தைத் தாங்கும். மாடியில இருக்கிறவங்க இறங்கிப் போக நேரம் கிடைக்கும்.

சரி, கான்க்ரீட்னா தீக்குப் பயமே இல்லையா? தி.நகர் உஸ்மான் சாலை சென்னை சில்க்ஸ் கட்டடம் மரமா? ஏழு மாடி கான்க்ரீட். 2017 மே 31ஆம் தேதி பிடிச்ச தீ ஒரு நாளைக்கு மேல எரிஞ்சு, கட்டடம் ஒரு பக்கம் சரிஞ்சு, கடைசியில மிச்சத்தையும் இடிச்சுத் தள்ளினாங்க. மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல 2018 பிப்ரவரி 2ஆம் தேதி வீரவசந்தராயர் மண்டபம் எரிஞ்சுதே, அது கல். அங்கே பத்திக்கிட்டது கடைங்க, இடிஞ்சு விழுந்தது கல் மண்டபம். எரியறது உள்ள இருக்கிற சரக்கு. எந்தக் கட்டடமா இருந்தாலும் வழியை அடைச்சு, வயரை இஷ்டத்துக்கு இழுத்து, சரக்கைக் கூரை வரைக்கும் அடுக்கினா ஆபத்துதான்.

அதனால என் திட்டத்துல கடைக்கூரைக்கு அடியில ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. மாடியிலேர்ந்து இறங்க ரெண்டு வழி, ஒண்ணு ரேழிக்கு, இன்னொண்ணு முற்றத்துக்கு. வயர் எல்லாம் குழாய்க்குள்ள. கேஸ் சிலிண்டர் மரப்பகுதிக்குள்ள வரவே வராது. பக்கத்து லாட்ஜுல மாடிக்கு எத்தனை வழின்னு போய் எண்ணிட்டு வந்து என்கிட்ட பேசுங்க.

"கறையான் தின்னுடும்."

தாத்தா வீட்டுத் தூணை ஏன் தின்னலை? தூணுக்கு அடியில ஒரு அடி உயரத்துக்குக் கருங்கல் இருக்கு. மரம் மண்ணைத் தொடவே இல்ல. கூரை இறங்கின இடம் எதுன்னு பார்த்தா, ஓடு உடைஞ்சு பத்துப் பதினஞ்சு வருஷம் மழைத்தண்ணி ஒழுகின முன்பக்கம் மட்டும்தான். அங்கேயும் கைமரம் மக்கியிருக்கு, தூண் கிண்ணுனு நிக்குது. வைரம் பாய்ஞ்ச மரத்துக்குத் தலையில ஒழுகாத கூரையும் காலடியில ஈரம் ஏறாத கல்லும் கொடுத்துட்டா அது பாட்டுக்கு நிக்கும்.

நம்ம மரமோ தரையிலேர்ந்து பத்தடி உயரத்துலதான் ஆரம்பிக்குது. கறையான் ஏறணும்னா செங்கல் சுவர்ல மண்புத்து கட்டிக்கிட்டுத்தான் ஏறணும், அது கண்ணுக்குத் தெரியும். அஸ்திவாரத்துலயே மருந்து, உளுக்காம இருக்க மரத்துக்கு போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசல், வருஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்க்கிறது. காருக்கு சர்வீஸ் விடறோம்ல? இது அதைவிடக் கம்மி வேலை. கான்க்ரீட்டுக்கு உள்ள கம்பி துருப்பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியுமா? தெரியறப்போ சிலாப் உங்க தலையில இருக்கும்.

"புயல் வந்தா?"

கஜா 2018 நவம்பர்ல வேதாரண்யம் பக்கம் என்ன பண்ணிச்சுன்னு நமக்குத் தெரியும். லேசான கூரைன்னா காத்து தூக்கத்தான் பார்க்கும். அதனால கைமரத்தைச் சுவரோட இரும்புப் பட்டை போட்டுக் கட்டணும், சுவருக்குள்ள கம்பி இறக்கி அதுல மாட்டணும். ஓட்டையும் ரீப்பரோட கம்பி போட்டுப் பிணைக்கணும். செலவு சின்னது, செய்யாம விட்டா நஷ்டம் பெருசு. ரெண்டு பக்கமும் சுவரை ஒட்டிக் கட்டடம் இருக்கிறதால பக்கவாட்டுக் காத்து நமக்குக் கம்மி. கடைத்தெரு மனையில அது ஒரு சவுகரியம்.

"மரத்தை வெட்டலாமா? நீயெல்லாம் படிச்சவனா?"

இதுதான் எனக்கு நறநறன்னு வர்ற இடம். 1993ல மத்தியப் பொதுப்பணித்துறை காட்டைக் காப்பாத்தணும்னு தன் கட்டடங்கள்ல மரம் பயன்படுத்தத் தடை போட்டுச்சு. அந்தக் காலத்து நிலைமைக்கு அதுல ஒரு நியாயம் இருந்துது. 2020ல அந்தத் தடையை அவங்களே எடுத்துட்டாங்க. 27 வருஷம்! அந்த 27 வருஷத்துல ஒரு தலைமுறை இன்ஜினியர் 'மரம்னா பாவம்'னு படிச்சு வெளியே வந்தாச்சு. தடை போனது அவங்க காதுல இன்னும் விழலை.

காட்டு மரத்தை யார் வெட்டச் சொன்னா? தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில வனத்துறை வளர்த்த தேக்கைப் பார்த்ததில்லையா? வரப்புல, தோப்புல, பட்டா நிலத்துல வளர்ற தேக்கு, வேம்பு, வாகை இருக்கு. மரத்தை விக்க முடியும்னா விவசாயி நடுவான். வாங்க ஆள் இல்லைன்னா எதுக்கு நடணும்?

அப்புறம் கான்க்ரீட்டு மட்டும் ஆகாயத்துலேர்ந்து குதிக்குதா? உலகத்துல வெளியாகற கரியமில வாயுல சுமார் 8 சதவீதம் சிமெண்டால. மரத்தோட உலர்ந்த எடையில ஏறக்குறைய பாதி, அது காத்துலேர்ந்து இழுத்து வச்சிருக்கிற கார்பன். இதெல்லாம் உலகக் கணக்கு, விடுங்க. நம்ம ஊர்க் கணக்குக்கு வாங்க. கான்க்ரீட்டுக்கு மணல் எங்கேர்ந்து வந்துது? நம்ம காவிரி, கொள்ளிடம். 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி முக்கொம்பு மேலணையில ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே, மணல் அள்ளினதும் ஒரு காரணம்னு விவசாயிங்க கத்தினாங்களே. ஆத்தைத் தோண்டி வீடு கட்டிட்டு, அதே ஆத்துல தண்ணி வரலைன்னு மறியல் பண்றோம். மரம் வெட்டினா திரும்ப நடலாம். மணலை எங்கே நடுவீங்க?

"கடைத்தெருவுல எப்படிக் கட்டுவே?"

நல்லாக் கேட்டீங்க. அதுக்குத்தான் மரமே. முகூர்த்த நாள்ல அந்தத் தெருவுல டூ வீலர் நுழைய முடியாது. அங்கே ஜல்லி கொட்டி, மணல் கொட்டி, மிக்ஸர் நிறுத்தி, சென்ட்ரிங் அடிச்சு, சிலாப் போட்டு, ரெண்டு வாரம் முட்டு எடுக்காம வச்சிருக்கணும். அத்தனை நாளும் கடை மூடல், பக்கத்துக் கடைக்குத் தூசு, தெருவுக்குத் தொல்லை. மரத்தளம்னா கட்டை எல்லாம் பட்டறையிலயே அறுத்து, இழைச்சு, பொருத்து வெட்டி, நம்பர் போட்டு வச்சுடலாம். கூட்டம் இல்லாத நாலஞ்சு நாள்ல கொண்டு வந்து ஏத்திடலாம். ஆசாரி ஒருத்தர்கிட்ட படத்தைக் காட்டினேன். "தம்பி, இது தேர் வேலை மாதிரிதான். கீழ பூட்டிப் பார்த்து, பிரிச்சு, மேல ஏத்தறது. என்னா, எங்களை யாரும் வீட்டுக்குக் கூப்புடறதில்ல, கதவு ஜன்னலோட சரி"ன்னார். அவர் பையன் கோயம்புத்தூர்ல மாடுலர் கிச்சன் மாட்டிக்கிட்டு இருக்கான்.

இதெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. கம்பெனி புண்ணியத்துல சிங்கப்பூர்ல ஆறு மாசம் இருந்தேன். தேக்காவுல, சிராங்கூன் ரோட்டுல நம்ம ஆளுங்க மளிகையும் நகையும் பூவும் விக்கிற கடைவீடுங்களைப் பார்த்திருப்பீங்க. 16லேர்ந்து 20 அடி அகலம், ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், சுவருக்குச் சுவர் மரக்கட்டை, மேல பலகைத் தளம், ஓட்டுக்கூரை, நடுவுல வெளிச்சத்துக்கு முற்றம். கீழே கடை, மேலே குடும்பம். கட்டையோட நீளம்தான் வீட்டோட அகலம். அதனாலதான் தெரு முழுக்க ஒரே அளவு. நம்ம தாத்தா வீட்டு அளவும் அதுக்குள்ள வருது பாருங்க. 1989லயே அந்த நாடு லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சிடுச்சு. பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு 2008ல யுனெஸ்கோ பட்டம். அங்கே வியாபாரம் நின்னு போச்சா? தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி தேக்காவுல போய் நின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. நிலத்துக்கு அப்படி ஒரு விலை இருக்கிற ஊர்ல மரத்தளம் கட்டுபடி ஆகுது, திருக்கடையூர்ல ஆகாதா?

அவ்வளவு தூரம் ஏன், பத்து கிலோமீட்டருக்குள்ள தரங்கம்பாடி. சுனாமிக்கு அப்புறம் இன்டாக் அமைப்பு அங்கே பழைய வீடுங்களை மரத்தூண், ஓட்டுக்கூரையோட எடுத்துக் கட்டி நிறுத்தியிருக்கு. டேனிஷ்காரன் கோட்டை மட்டும் பார்த்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்க, அடுத்த தடவை தெருவுக்குள்ளயும் கொஞ்சம் நடங்க. நார்வேயில 2019ல 85 மீட்டர் உயரத்துக்கு 18 மாடி மரக்கட்டடமே நிக்குது. நான் கேக்கறது ஒரே ஒரு மாடி!

இப்ப இன்னொரு கோஷ்டிக்கு வர்றேன். 'ஆஹா, முற்றம்! ஆஹா, திண்ணை!'ன்னு உருகறவங்க. உங்களையும் விடறதா இல்ல. பழைய வீட்டை இடிக்கிறப்போ தூண், உத்திரம், கதவு எல்லாம் எங்கே போகுது? இடிக்கிற காண்ட்ராக்டர் மரத்துக்காகவே காசு கொடுத்து எடுக்கறார். அது காரைக்குடி பழைய சாமான் கடை வழியா பீச் ரிசார்ட்டுக்கும் பண்ணை வீட்டுக்கும் போகுது. நம்ம தாத்தா தூணு பக்கத்துல காசு கொடுத்து உட்கார்ந்து ஃபில்டர் காபி குடிச்சுட்டு, 'என்ன ஒரு பாரம்பரியம்'னு படம் போடறோம். முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுல டிக்கெட் எடுத்துத் திண்ணையைப் பார்க்கிறோம். (அவங்களைக் குத்தம் சொல்லலை, 1996லேர்ந்து அவங்க காப்பாத்தி வச்சதாவது மிஞ்சியிருக்கு.) மரம் மட்டம்னா பணக்காரன் ஏன் அதைத் தேடித் தேடி வாங்கறான்? ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் மட்டும் 'கான்க்ரீட்தான் கௌரவம்'னு யார் சொல்லிக் கொடுத்தா?

கடைசியா காசு. தேக்கு விலை ஜாஸ்தி, ஒத்துக்கறேன். ஆனா 52 கன அடியையும் புதுசா வாங்கணும்னு யார் சொன்னா? தாத்தா வீட்டு உத்திரமும் தூணும் நமக்கே இருக்கு. காண்ட்ராக்டருக்கு விக்காம அறுத்துப் போட்டா பாதிக்கு மேல தேறும்னு ஆசாரி தட்டிப் பார்த்துச் சொன்னார். கூரைக்குப் பழைய பனை வாரையே போதும். (பனையை வெட்ட இப்ப கலெக்டர் அனுமதி வேணும், அதனால இருக்கிறதைத் தூக்கிப் போடாதீங்க.) கடை வாடகை மாசாமாசம் வரும். எட்டு ரூம் வருமானம் வருமான்னா, வராது. அதை மறைக்க மாட்டேன். ஆனா எட்டு ரூமுக்குக் கடன் வாங்கி, ஆள் போட்டு, ஏசி மாத்தி, தை மாசமும் வைகாசியும் நிரம்பி, ஆடி, மார்கழியில ஈ ஓட்டற கணக்கையும் சேர்த்துப் போடுங்க. போட்டுட்டு, அப்பா தன் தெருவுல இருக்கிறதுக்கு ஒரு விலை போடுங்க பார்ப்போம்.

கடன்னதும் ஞாபகம் வருது. ஒரு வங்கியில போய்க் கேட்டேன், பேர் வேண்டாம். முதல் கேள்வி: "ரூஃப் ஆர்சிசியா?" இல்லைன்னேன். ஃபைலை மூடிட்டார். சுவர் என்ன, கணக்கு என்ன, எத்தனை வருஷம் நிக்கும், ஒண்ணும் கேக்கலை. உண்மையில மரவீட்டைக் கொல்றது கறையானும் இல்ல, தீயும் இல்ல. இந்த ஒரு கேள்விதான்.

அதனால என் கோரிக்கை மூணு. ஒண்ணு, சிவில் படிக்கிற பசங்களுக்கு மரத்தை ஒரு முழுப் பாடமா நடத்துங்க, விதிநூல் ஏற்கனவே இருக்கு. ரெண்டு, சின்ன வீட்டுக்குக் கடன் கொடுக்கிறவங்க கூரையோட பேரைக் கேக்காம, கையெழுத்துப் போட்ட கட்டமைப்புக் கணக்கைக் கேளுங்க. மூணு, கோயில் தெருவுல மனை வச்சிருக்கிறவங்க இடிக்கிற முன்னாடி ஒரே ஒரு நாள் ஒரு ஆசாரியைக் கூட்டிட்டுப் போய் மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு நாள் கூலிதான் செலவு.

எங்க வீட்டு விஷயம் இன்னும் முடியலை. தை பொறந்ததும் உட்கார்ந்து பேசறதா இருக்கு. சித்தப்பா கால்குலேட்டரோட வருவார், நான் படத்தோட போவேன். அப்பா இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. மாடித் திண்ணையில சாய்வு நாற்காலி போட இடம் இருக்குமான்னு மட்டும் அளந்து பார்த்தார்.

டிஸ்கி: எதிர்க்கட்சிக்காரங்க தாராளமா வந்து கும்மலாம். ஒரே கண்டிஷன், கணக்கோட வாங்க. 'எங்க மாமா சொன்னார்', 'கொத்தனார் சிரிச்சார்' எல்லாம் செல்லாது.